பெண்கள் கிராமர் பள்ளி: பெற்றோரின் சந்தேகங்களும் விளக்கங்களும்

மகள் ஐந்தாம் வகுப்புக்கு வரும் முன்பே லண்டன் தமிழ் வீடுகளில் கிராமர் பள்ளிகளின் நுழைவுத் தேர்வான ‘லெவன் பிளஸ்’ பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. அந்தப் பேச்சில் தவறாமல் அடிபடும் பெயர், வடலண்டனின் ஹென்ரியெட்டா பார்னெட் பெண்கள் பள்ளி.

கிராமர் பள்ளி என்றால் பணக்காரர்களுக்குத்தானே?

கட்டணமே கிடையாது, அரசு நிதியில் நடக்கிறது. இங்கிலாந்தில் இத்தகைய பள்ளிகள் 163தான். புதிதாகத் தொடங்க 1998ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை.

அப்படியானால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் சம வாய்ப்பா?

ஏட்டில் அப்படித்தான். பள்ளிக்குப் பெயர் தந்த ஹென்ரியெட்டா பார்னெட், கணவருடன் ஒயிட்சேப்பல் சேரிகளில் பணிசெய்தவர். எல்லா வர்க்கத்தாரும் கலந்து வாழ வேண்டுமென்று ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப் குடியிருப்பை உருவாக்கி, 1911இல் அங்கே இந்தப் பள்ளியைத் தொடங்கினார். இன்று அங்கே வீடு வாங்கக் கோடீஸ்வரராக இருக்க வேண்டும். பள்ளியில் ஏறத்தாழ நூறு இடங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் தேர்வெழுதுகிறார்கள். ஓரிரு வருட டியூஷனுக்கு வழியில்லாத குடும்பம் தொடக்கத்திலேயே பின்தங்கிவிடுகிறது. இலவச மதிய உணவுக்குத் தகுதியுள்ள பிள்ளைகளுக்குப் பல கிராமர் பள்ளிகள் இப்போது முன்னுரிமை தருகின்றன. நல்ல மாற்றம்தான், ஆனால் டியூஷன் சந்தையை அது அசைத்துவிடவில்லை.

பெண்கள் மட்டும் படிப்பதால்தான் இத்தனை நல்ல ரிசல்ட்டா?

வடிகட்டி எடுத்த பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்குவதில் வியப்பில்லை. அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது. பிரிட்டனின் இயற்பியல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அரசுப் பள்ளி மாணவிகளில் ஏ லெவலில் இயற்பியல் எடுப்பவர்கள், இருபாலர் பள்ளிகளைவிடப் பெண்கள் பள்ளிகளில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு.

பள்ளியின் பண்பை எப்படி அறிவது?

கையேட்டில் தேடாதீர்கள். இத்தகைய பள்ளியில் சேரும் ஒவ்வொரு பெண்ணும் தன் பழைய வகுப்பில் முதலாவதாக இருந்திருப்பாள். இங்கே யாரோ ஒருத்தி கடைசியாக வந்தே தீர வேண்டும். அவளை ஆசிரியர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று, பார்வையாளர் நாளில் சுற்றிக்காட்ட வரும் மாணவிகளிடமே கேளுங்கள். தலைமையாசிரியர் உரையைவிட அவர்கள் பதில் பயன்படும்.

தேர்ச்சி பெற்றால் இடம் உறுதியா?

இல்லை. தேர்ச்சி பெற்ற எல்லாருக்கும் இடம் போதாது, தனியே விண்ணப்பிக்கவும் வேண்டும். லண்டன் விண்ணப்பத்தில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். கடைசி நாள் அக்டோபர் 31. நீங்கள் எழுதிய வரிசையை வைத்துப் பள்ளிகள் முடிவெடுப்பதில்லை. அதனால் உண்மையான விருப்ப வரிசையிலேயே எழுதுங்கள். தேர்வில்லாத அருகிலுள்ள நல்ல பள்ளி ஒன்றையும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.