பொங்கலுக்கு ஊருக்கு வர்றீங்களா? பனியில் பூட்டிய வீட்டு பைப் பத்திரமா?

தர்மபுரியில் தண்ணீர் பைப்புக்கு எதிரி வெயில்தான். சித்திரை மதியத்தில் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. வருஷக்கணக்கில் வெயில் பட்டு வெளுத்துப்போன பிவிசி பைப், லேசாகத் தட்டினாலே விரிசல் விடும். மார்கழியில் வத்தல்மலைப் பக்கம் எவ்வளவு குளிர் அடித்தாலும் ‘குழாய்ல தண்ணி உறைஞ்சு போச்சு’ என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் இங்கிருந்து படித்து, வேலை கிடைத்து, டல்லாஸ், நியூஜெர்சி, டொராண்டோ என்று போய் செட்டிலானவர்களுக்கு இது குளிர்காலத் தலைவலி. அதிலும் டைமிங்தான் வில்லங்கம். அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வருவது டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும்தான். கிறிஸ்துமஸ் லீவையும் பொங்கலையும் சேர்த்துப் பார்க்கலாம் என்ற கணக்கு. அங்கே பைப்புகள் உறைவதும் ஏறக்குறைய அதே வாரங்களில்தான். இங்கே பானை பொங்கும்போது, அங்கே ஆளில்லாத வீட்டில் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தால்?

உறைவது வேறு, வெடிப்பது வேறு

தண்ணீர் ஐஸ் ஆகும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஃப்ரீசரில் மறந்துபோய் வைத்த பாட்டில் வெடிப்பது அதனால்தான். பைப்பும் அப்படித்தான், ஐஸ் கட்டிய இடத்தில் வீங்கி வெடிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விஷயம் அது மட்டுமல்ல.

1990-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வீட்டு பைப்புகளை உறைய வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். பைப்பின் நடுவில் ஐஸ் அடைப்பு உருவானதும், அந்த ஐஸ் வளர வளர, அதற்கும் மூடியிருக்கும் குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரை நெருக்குகிறது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. அதற்குப் போக வழியும் இல்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், எந்த இடம் பலவீனமோ அங்கே பிளக்கிறது. பல நேரம் அது ஐஸே இல்லாத இடமாக இருக்கும்!

குளிர் நாடுகளில் ‘ராத்திரி குழாயை லேசா சொட்ட விடுங்க’ என்று சொல்வது இதற்காகத்தான். ஓடுகிற தண்ணீர் உறையாது என்பது பாதி உண்மை. மெல்லிய சொட்டு, கடுங்குளிரில் உறைவதை முழுசாகத் தடுக்காது. ஆனால் குழாய் திறந்திருப்பதால், நெருக்கப்படும் தண்ணீர் வெளியேறிவிடும். பைப் உறைந்தாலும் வெடிக்காமல் தப்பிக்க அதுவே வாய்ப்பு. வெளிச்சுவரை ஒட்டிப் போகும் பைப் என்றால் சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர் இரண்டு குழாயையும் சொட்ட விட வேண்டும்.

நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால், ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் கூட்டுக் குடிநீர்த் திட்டமாகக் கொண்டுவந்த மாவட்டம் இது. இங்கே வளர்ந்த ஒருவரிடம் ‘ராத்திரி பூரா குழாயைத் திறந்து வை’ என்றால் மனசு கேட்காதுதான். கீழே ஒரு பக்கெட்டை வைத்துவிடலாம், காலையில் பயன்படும்.

வெயிலுக்குக் கட்டிய வீடுகள்

எத்தனை டிகிரியில் பயப்பட வேண்டும்? அதே ஆய்வு, வெளியே மைனஸ் 7 டிகிரி செல்சியஸை எச்சரிக்கைக் கோடாகச் சொல்கிறது. அமெரிக்கக் கணக்கில் 20 டிகிரி ஃபாரன்ஹீட். காற்று புகும் சந்து இருந்தால் அதற்கு முன்பே உறையலாம்.

ஆனால் மைனஸ் 20-க்குப் போகும் ஊர்களை விட, எப்போதாவது ஒரு தடவை மைனஸுக்குப் போகும் ஊர்களில்தான் ஆபத்து எதிர்பாராமல் வருகிறது. டொராண்டோ பகுதியில் நிலம் உறையும் ஆழத்தைக் கணக்கிட்டு, அஸ்திவாரத்தையே குறைந்தது 1.2 மீட்டர் ஆழத்தில் போடுகிறார்கள். பைப்பும் அந்த ஆழத்துக்குக் கீழேதான் வீட்டுக்குள் வரும். டெக்சாஸில் அப்படி இல்லை. அங்கே பல வீடுகளில் பைப் வெளிச்சுவருக்குள்ளும், கூரைக்குக் கீழே இருக்கும் பரணிலும் ஓடுகிறது. சுருக்கமாகச் சொன்னால், நம்ம ஊர் வீடுகள் மாதிரி வெயிலை மனதில் வைத்துக் கட்டியவை.

2021 பிப்ரவரியில் அது அம்பலமானது. பிப்ரவரி 16-ம் தேதி டல்லாஸில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரிக்கு இறங்கியது. மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போனது, ஹீட்டர் நின்றது, பைப்புகள் உறைந்தன. குளிர் தணிந்து ஐஸ் உருகிய பிறகுதான் எது எது உடைந்திருக்கிறது என்பதே பலருக்குத் தெரிந்தது. வரவேற்பறை சீலிங் அப்படியே தண்ணீரோடு இடிந்து விழுந்த வீடியோக்கள் அப்போது வாட்ஸ்அப்பில் இங்கேயும் சுற்றின. அந்தப் புயலில் இறந்தவர்கள் 246 பேர் என்பது மாநில அரசின் கணக்கு.

அப்போது இன்னொரு சிக்கலும் வந்தது. எல்லோரும் குழாயைச் சொட்ட விட, உடைந்த பைப்புகளிலும் தண்ணீர் கொட்ட, ஹூஸ்டனில் விநியோக அழுத்தமே விழுந்துவிட்டது. சொட்ட விடாதீர்கள், மெயின் வால்வை மூடி பைப்பைக் காலி பண்ணிவிடுங்கள் என்று நகர நிர்வாகமே கேட்டுக்கொண்டது. ஊர் பூரா கரண்ட் போன நேரத்தில் அதுதான் சரியான வழியும்கூட.

இந்தியாவுக்குள் இந்தப் பிரச்சினையை நன்றாக அறிந்த ஊர் ஸ்ரீநகர். டிசம்பர் 21-ல் தொடங்கும் ‘சில்லை கலான்’ என்ற 40 நாள் கடுங்குளிரில் அங்கே குழாய்கள் உறைவது வழக்கம். 2024-ல் அது தொடங்கிய அன்றைக்கே மைனஸ் 8.5 டிகிரி பதிவானது. ராணுவ வேலையாக அங்கே போகும் நம் மாவட்டத்துக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஊட்டியிலும் தலைகுந்தா பக்கம் உறைபனி விழுகிறதே என்று கேட்கலாம். அது விடியற்காலையில் புல்லிலும் பைக் சீட்டிலும் படிகிற பனி. வெயில் ஏறினால் போய்விடும். பைப்புக்குள் அடைப்பு கட்ட அந்தக் குளிர் மணிக்கணக்கில் நீடிக்க வேண்டும்.

வீட்டைப் பூட்டும் முன்

ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பணம் மிச்சம் பண்ண நினைத்து ஹீட்டரை முழுசாக ஆஃப் செய்துவிட்டு வருவதுதான் பெரிய தப்பு. தெர்மோஸ்டாட்டை 13 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 55 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்கவே கூடாது. சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தால் அறையின் சூடு பைப்புக்குப் போய்ச் சேரும். தோட்டத்துக் குழாயில் மாட்டிய ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஹோஸில் நிற்கும் தண்ணீர் உறைந்து, சுவருக்குள் இருக்கும் பைப்பையும் சேர்த்து உடைத்துவிடும்.

ஆனால் நீங்கள் நடுவானில் பறந்துகொண்டிருக்கும்போது அங்கே கரண்ட் போனால் தெர்மோஸ்டாட்டால் என்ன செய்ய முடியும்? அதனால் நம்பகமான ஒரே காரியம், மெயின் வால்வை மூடுவது. குளிர் அதிகமுள்ள ஊர்களில் பெரும்பாலும் பேஸ்மென்ட்டில், தண்ணீர் மீட்டர் பக்கத்தில் இருக்கும். டெக்சாஸ் போன்ற இடங்களில் ரோட்டோரம் தரையில் புதைத்த மீட்டர் பெட்டிக்குள் இருக்கலாம். அதை மூடிவிட்டு, வீட்டிலேயே உயரத்தில் உள்ள குழாயையும் தாழ்வில் உள்ள குழாயையும் திறந்துவிட்டால் பைப் காலியாகும். வாட்டர் ஹீட்டரை வெக்கேஷன் மோடில் வைக்க வேண்டும். ரேடியேட்டரில் சுடுதண்ணீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் அமைப்போ, தீயணைப்பு ஸ்பிரிங்க்ளரோ இருந்தால் மட்டும் பிளம்பரைக் கேட்காமல் கைவைக்க வேண்டாம். அபார்ட்மென்ட் என்றால் மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு மெயில் போதும். வாடகை பேஸ்மென்ட்டில் தங்கும் மாணவர்களுக்கு தெர்மோஸ்டாட்டே வீட்டு ஓனர் கையில் இருக்கும். கிளம்பும் தேதியை அவரிடம் எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது.

எழுத்தில் என்று சொல்லக் காரணம் இன்சூரன்ஸ். அமெரிக்காவின் வழக்கமான வீட்டு பாலிசியில், ஆளில்லாத வீட்டில் பைப் உறைந்து வெடித்தால், வீட்டைச் சூடாக வைத்திருந்தீர்களா அல்லது தண்ணீரை மூடி பைப்பைக் காலி செய்தீர்களா என்று பார்ப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் க்ளெய்ம் மறுக்கப்படலாம். கனடாவின் பல பாலிசிகளில், குளிர்காலத்தில் நான்கு நாளுக்கு மேல் வெளியூர் போனால் தினமும் யாராவது வந்து பார்க்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரை மூடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ‘தினமும்’ என்பதைக் கவனிக்கவும். ‘ஃப்ரெண்ட் ஒருத்தன் வாரம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பான்’ என்பது அங்கே செல்லாது.

ஏற்கெனவே உறைந்துவிட்டால்? குழாயில் தண்ணீர் நூலாக வந்தாலோ வராமலே போனாலோ அதுதான் அறிகுறி. மெயின் வால்வு எங்கே என்று முதலில் தெரிந்துகொண்டு, குழாயைத் திறந்து வைத்து, குழாய்ப் பக்கத்திலிருந்து அடைப்பை நோக்கி ஹேர் டிரையரால் சூடு காட்டலாம், வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றலாம். தரையில் தண்ணீர் தேங்கியிருந்தால் டிரையரைத் தொடக்கூடாது. நெருப்பு வைத்துச் சூடாக்கும் வேலையே வேண்டாம். மரத்தால் கட்டிய வீட்டின் சுவருக்குள் தீப்பிடித்தால் வெளியே தெரியவே நேரமாகும். கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்தால் கார்பன் மோனாக்சைடு. டெக்சாஸில் அதற்கும் உயிர்கள் போயின.

பொங்கல் முடிந்து திரும்பிப் போனதும், ஜெட்லாக்கோடு மெயின் வால்வை ஒரேயடியாகத் திருகித் திறந்துவிட வேண்டாம். குழாய்களைத் திறந்து வைத்து, வால்வை மெதுவாகத் திறந்து, காற்று வெளியேறி தண்ணீர் சீராக வரும் வரை காத்திருங்கள். பிறகு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் இன்னும் சுற்றினால், எங்கோ ஒழுகுகிறது. மறுபடி வால்வை மூடிவிட்டு பிளம்பருக்கு போன் போடுங்கள், பெட்டியை அப்புறம் பிரிக்கலாம்.