நான்கு நிமிடத்தில் நின்றுபோகும் படம்

விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் டிவி சேனல்கள் இப்போது கணினி நெட்வொர்க் கேபிள் வழியாகவே பல இடங்களில் அறைகளுக்குப் போகின்றன. ஒரு சேனலுக்கு 8 எம்பிபிஎஸ் என்று வைத்தால், அதை 100 டிவிகளுக்குத் தனித்தனியே அனுப்ப 800 எம்பிபிஎஸ் வேண்டும். மல்டிகாஸ்ட் முறையில் சர்வர் ஒரே பிரதியை அனுப்பினால் போதும்; பாதை பிரிகிற இடத்தில் ஸ்விட்ச்சோ ரவுட்டரோ நகலெடுத்துக்கொள்ளும். ஸ்டீவ் டீரிங் வகுத்த இந்த முறை 1989இல் ஆர்எஃப்சி 1112 என்ற ஆவணமாக வெளிவந்தது. 224 முதல் 239 வரையுள்ள எண்களில் தொடங்கும் ஐபி முகவரிகள் இதற்கென ஒதுக்கப்பட்டவை.

ஆனால் எந்த போர்ட்டில் யார் கேட்கிறார்கள் என்று ஸ்விட்ச்சுக்குத் தானாகத் தெரியாது. வந்ததை எல்லா போர்ட்டுக்கும் கொட்டிவிடும். 20 சேனல் ஓடினால் 160 எம்பிபிஎஸ். 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் இருக்கும் பிரிண்டர் திணறிப்போகும். இதைத் தடுப்பதுதான் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். ஒரு சேனலின் மல்டிகாஸ்ட் குழுவில் சேர டிவி அனுப்பும் ஐஜிஎம்பி செய்தியை ஸ்விட்ச் கவனித்து, கேட்ட போர்ட்டுக்கு மட்டும் படத்தை விடும்.

பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில். ஸ்னூப்பிங்கை இயக்கியதும் படம் நன்றாக வரும். நான்கு நிமிடம் சொச்சம் கழிந்ததும் நின்றுவிடும். சேனலை மாற்றினால் மறுபடி வரும், மறுபடி நிற்கும். டிவியையும் கேபிளையும் மாற்றிப் பார்த்துக் களைத்துப்போவார்கள். கோளாறு அங்கே இல்லை. "இன்னும் யாருக்கு வேண்டும்?" என்று 125 விநாடிக்கு ஒருமுறை கேட்க ஒரு குவெரியர் இருக்க வேண்டும். கேட்டால்தான் டிவி பதில் சொல்லும். கேள்வியே வராவிட்டால், வழக்கமான அமைப்பில் 260 விநாடி பார்த்துவிட்டு ஸ்விட்ச் அந்தப் பதிவை அழித்துவிடும். மல்டிகாஸ்ட் ரவுட்டர் இல்லாத விலேனில், அதாவது ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்கில், இந்த வேலைக்கு ஆளே இல்லை. அங்குள்ள ஒரு ஸ்விட்ச்சில் அந்த விலேனுக்கு ஐபி முகவரி கொடுத்து, குவெரியரை இயக்கினால் தீர்ந்தது. ஸ்னூப்பிங்கையே அணைத்துவிடுவது தீர்வல்ல. படம் திரும்பும், வெள்ளமும் கூடவே திரும்பும்.

சர்வர் ஒரு விலேனிலும் டிவிகள் வேறொன்றிலும் இருந்தால் ரவுட்டிங் தேவை. லேயர் 3 ஸ்விட்ச்சில் மல்டிகாஸ்ட் ரவுட்டிங்கை இயக்கி, இரு பக்க இன்டர்ஃபேஸிலும் பிம் என்ற மல்டிகாஸ்ட் ரவுட்டிங் நெறிமுறையை ஸ்பார்ஸ் மோடில் வைக்க வேண்டும். டிவி பக்கம் மட்டும் வைத்துவிட்டு சர்வர் பக்கத்தை மறப்பது சகஜம். சந்திப்புப் புள்ளியான ஆர்பி முகவரி எல்லா ரவுட்டர்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பிம் ஓடும் இன்டர்ஃபேஸ் பொதுவாகக் குவெரியராகவும் இருந்துவிடும் என்பதால், இங்கே அந்தத் தொல்லை இல்லை.

அப்படியும் படம் வராவிட்டால் முதலில் சர்வர் அனுப்பும் பாக்கெட்டின் டிடிஎல் எண்ணை, அதாவது ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும் எண்ணை, பாருங்கள். அது 1 என்றிருந்தால் எந்த ரவுட்டரும் அதைக் கடத்தாது. அடுத்தது குழு முகவரி. 224.0.0 என்று தொடங்கும் முகவரிகள் ரவுட்டரைத் தாண்டாதவை. உள் நெட்வொர்க்குக்கு 239இல் தொடங்குபவையே பொருத்தம்.