கொத்தனார் வருமுன் கோலமாவை எடுங்க!



இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீங்க. வீட்டுக்குப் பின்னால் கழிப்பறை இருக்கும். கதவைத் திறந்தால் உள்ளே விறகும் வரட்டியும் அடுக்கியிருக்கும். வீட்டுப் பெண்களோ இருட்டும்வரை காத்திருந்து காட்டுப் பக்கம் போவார்கள். ஏன் என்று கேட்டால், "உள்ள திரும்பக்கூட முடியலைங்க, மூச்சு முட்டுது" என்பார்கள். பகலெல்லாம் அடக்கி வைப்பதும், அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் நீர்க்கடுப்பில் கொண்டுபோய் விடும் என்பது நமக்குத் தெரியாததல்ல. கொத்தனாரும் வீட்டு ஆம்பளைங்களும் மட்டும் பேசி அளவு வைத்தால் இப்படித்தான் ஆகும்.

அதனால் கட்டும் முன்னால் நீங்களே அளவு பாருங்க. கொல்லையில் கோலமாவால் 4 அடிக்கு 3 அடி கட்டம் போடுங்க. இது சுவருக்கு உள்ளே கிடைக்கும் இடம். பேசின் வரும் இடத்தில் இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து எழுந்து பாருங்க. முழங்கை இடிக்குதா? வாளி வைக்க இடம் இருக்கா? மாமியாரையும் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்க. (சிரிப்பார்கள், பரவாயில்லை!) சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற வீட்டுக்கு 4க்கு 4 இருந்தால் சௌகரியம். ஒரு அடி கூட்டினால் கூடுகிற செலவு கொஞ்சம் கல்லும் சிமெண்டும்தான்.

கதவு வெளிப்பக்கம் திறக்கணும். ஒரு உறுப்பினர் வீட்டில் உள்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டிவிட்டார்கள். பிரசவத்துக்கு வந்த மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்தவே முடியவில்லை. பிறகு கீலை மாற்றி மாட்டினார்கள். உள்ளே யாராவது மயங்கி விழுந்தாலும் வெளிப்பக்கம் திறக்கிற கதவுதான் உதவும்.

தலைக்கு மேலே எதிரெதிரே இரண்டு ஜாலி வைத்தால் காற்று ஓடும், வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. சுவர் எழுப்பும்போதே ஒரு மாடம் விடச் சொல்லுங்க. மாதவிடாய் நாளில் துணி, நாப்கின் வைக்க அதுதான் இடம். மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றும் வேணும், நாப்கினைப் பேசினில் போட்டால் அடைத்துக்கொள்ளும். வயசானவங்க பிடித்து எழ, பக்கச் சுவரில் ஒரு குழாயைப் பதித்துவிடுங்க. உள்ளே தாழ்ப்பாளும் ஒரு பல்பும் கட்டாயம்.

தண்ணீர் சுமக்கிறது நாம்தான். ஆகவே சரிவு அதிகமுள்ள பேசினாகக் கேட்டு வாங்குங்க. அதற்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் போதும்.

இனி குழி. 1970ல் பிந்தேஸ்வர் பாடக் பீகாரில் சுலப் அமைப்பைத் தொடங்கிப் பரப்பிய இரட்டைக் குழி முறை சின்ன வீட்டுக்கு ஏற்றது. மூன்றேகால் அடி அகலம், 4 அடி ஆழத்தில் இரண்டு குழி, நடுவில் 3 அடி இடைவெளி. பக்கச் சுவரில் செங்கலுக்கு இடையே ஓட்டை விட்டுக் கட்டணும். அடியில் மண்தான் இருக்கணும். "உறுதியா இருக்கும்மா" என்று கொத்தனார் அடியில் கான்கிரீட் போட வந்தால் விடாதீங்க. தண்ணீர் மண்ணில் இறங்காமல் குழி சீக்கிரம் நிரம்பிவிடும். குடிதண்ணீர்க் கிணறு, போர் இவற்றிலிருந்து 30 அடியாவது தள்ளி இருக்கட்டும். தண்ணீர் மேலாகவே ஊறுகிற ஊரில் அதுவும் போதாது, ஒன்றிய அலுவலகப் பொறியாளரைக் கேட்டுக்கொள்ளுங்க. குளிக்கிற தண்ணீரைக் குழிக்குள் விடாமல் வாழைக்கு விடுங்க.

ஒரு நேரத்தில் ஒரு குழிக்கு மட்டும்தான் வழி திறந்திருக்கணும். 5 பேர் உள்ள வீட்டில் ஒரு குழி நிரம்ப ஏறக்குறைய 3 வருஷம் ஆகும். பிறகு அதை அடைத்துவிட்டு மற்றதைத் திறக்கணும். மூடிய குழியை 2 வருஷம் தொடாமல் விட்டால் உள்ளே இருப்பது வாடையில்லாத எருவாகிவிடும். செப்டிக் டேங்க் மாதிரி லாரியைக் கூப்பிட வேண்டாம், யாரையும் உள்ளே இறக்கவும் வேண்டாம்.

பணம்? 2014ல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தில் தகுதியுள்ள வீடுகளுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வைத்தார்கள். உங்கள் வீட்டுக்கு இப்போது என்ன கிடைக்கும் என்று ஊராட்சியில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்க. மீதிக்குக் குழுவில் உள்கடன் கேட்கலாம்.

இன்னொன்று. முதல் குழியைத் திறந்துவிட்ட தேதியை உள்சுவரில் பெயிண்டால் எழுதி வையுங்க. 3 வருஷம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.