கூடத்தில் ஓசையின்றி ஒரு கணினி

தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளேயே கணினி அடங்கிவிட்ட இக்காலத்தில், அதன் அருகே தனியாக ஒரு கணினியை எதற்காக வைக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. சந்தா செலுத்தி இணையவழிப் படங்களைப் பார்ப்பது மட்டுமே தேவை என்போருக்கு எங்கள் விடை, வேண்டாம் என்பதுதான். பல சேவைகள் தங்கள் படங்களை முழுத் தெளிவுடன் சான்று பெற்ற கருவிகளுக்கு மட்டுமே வழங்குகின்றன. கணினியின் உலாவியில் பார்த்தால் தெளிவு குறைந்த பிரதியே கிடைப்பதுண்டு. அவ்வகைக்குத் தொலைக்காட்சியில் செருகும் சிறு குச்சியே போதும். சொந்தமாகச் சேர்த்து வைத்த இசை, ஒளிப்படம், குடும்பக் காணொளி ஆகியவை வீட்டில் குவிந்திருப்போருக்கே ‘ஹோம் தியேட்டர் பிசி’ எனப்படும் கூடத்துக் கணினி பொருந்தும்.

எங்கள் வீட்டில் அப்படிக் குவிந்திருந்தவை பதினொரு வி.எச்.எஸ். கேசட்டுகள். மும்பையின் நான்கு மாத மழை, ஒளிநாடாவுக்கு ஆகாத ஒன்று. நாடாச் சுருளின் ஓரத்தில் வெண்பூஞ்சை படர்ந்தால், அதனை ஓட்டும் கருவியும் கெடும், நாடாவும் அறுபடும். உலகில் வி.சி.ஆர். கருவிகளைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எனவே இயங்கும் கருவி கிடைக்கும்போதே நாடாக்களை எண்ணிம வடிவுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. அவற்றுள் ஒன்றில், 1994-இல் மாட்டுங்காவில் நடந்த ஒரு திருமணத்தில் எங்கள் தந்தையார் நான்கு நிமிடம் பேசுகிறார். அவர் இன்று இல்லை. அவருடைய குரல் பதிவாகியிருப்பது அந்த ஒரு நாடாவில் மட்டுமே. ஒளிப்படக்காரர் மண்டபத்தின் கடைசியில் நின்றிருந்ததால் குரல் மிக மெலிதாகவே பதிவாகியுள்ளது. அதனைக் கேட்க எங்கள் தாயார் தொலைக்காட்சியின் ஒலியை முழுவதும் கூட்டினாலும், அருகிலிருந்த பழைய மேசைக் கணினியின் இரைச்சல் பாதியை விழுங்கிவிடும். ஓசையில்லாத கணினி என்பது எங்கள் வீட்டில் தேவையானது இவ்வாறுதான்.

கணினியின் இரைச்சலில் பெரும்பங்கு மின்விசிறியுடையது. விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது தள்ளும் காற்றும் ஏறத்தாழப் பாதியாகும். ஆனால் ஓசையோ சுமார் 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே நம் செவிக்கு ஓசை பாதியானதாகத் தோன்றும் என்பதைக் கருதினால், இதைவிட இலாபகரமான பேரம் வேறில்லை. 40 மில்லிமீட்டர் விசிறியொன்று நிமிடத்திற்கு 5,000 சுற்றுச் சுற்றிக் கீச்சிடுவதைக் காட்டிலும், 120 மில்லிமீட்டர் விசிறி 500 அல்லது 600 சுற்றில் மெல்ல நகர்வதே மேல். இன்னொன்றும் உண்டு. சீரான ஓசையைச் செவி விரைவில் மறந்துவிடும்; ஏறி இறங்கும் ஓசையை மறவாது. ஆகவே பயாஸ் அமைப்பில் விசிறியின் வேகம் வெப்பநிலையின் ஒவ்வொரு சிறு மாற்றத்திற்கும் துள்ளாதவாறு, 60 பாகை வரை ஒரே வேகத்தில் நிற்கும்படி வைத்துக்கொள்ளலாம். (மேலே கூரை விசிறி சுழலும் நாட்களில் இந்த நுணுக்கமெல்லாம் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில்தான் எங்கள் உழைப்பின் பயன் புலப்படுகிறது.)

அடுத்த குற்றவாளி வன்தட்டு. நிமிடத்திற்கு 7,200 சுற்றுச் சுழலும் தட்டு, வினாடிக்கு 120 அதிர்வுகள் கொண்ட ஒரு முனகலை எழுப்பும். தட்டைவிட, அதனைத் தாங்கும் மரப்பலகையே உரக்கப் பாடும். வீணையின் குடம் செய்யும் வேலையை நம் ஷோகேஸ் செய்கிறது. இயங்குதளத்திற்குச் சுழற்சியே இல்லாத எஸ்.எஸ்.டி. வைத்துக்கொண்டு, காணொளிகள் உள்ள வன்தட்டை ஓர் இரப்பர்த் துண்டின்மேல் இருத்தினால் இத்தொல்லை தீரும்.

ஓசையைக் குறைக்கும் வழி வெப்பத்தைக் குறைப்பது. வெப்பத்தைக் குறைக்கும் வழி மின்சாரத்தைக் குறைப்பது. இன்டெல் நிறுவனம் 2023-இன் தொடக்கத்தில் வெளியிட்ட என்100 செயலி, 6 வாட் வெப்ப வரம்புக்கு வடிவமைக்கப்பட்டது. எச்.264, எச்.இ.வி.சி., வி.பி.9, ஏ.வி.1 ஆகிய நான்கு காணொளி வடிவங்களையும் விரித்துக் காட்டத் தனிச் சுற்றமைப்பு அதிலேயே உண்டு. விரைவுச் செயலி வேண்டும் என்று கடைக்காரர் வற்புறுத்துவார். படம் பார்க்க அது வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது இந்தத் தனிச் சுற்றமைப்பே. எல்லாச் சிறு கணினிகளிலும் இது முழுமையாக இருப்பதில்லை. எடுத்துக்காட்டாக, ராஸ்பெர்ரி பை 5 பலகையில் எச்.இ.வி.சி. வடிவுக்கு மட்டுமே அது உள்ளது. மற்றவற்றைச் செயலியே சுமக்க வேண்டும்.

பெரும்பாலோர் கவனியாதது மின்வழங்கி. கடையில் எளிதாகக் கிடைக்கும் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் திறனைச் சான்றளிப்போர் பொதுவாக அதன் 20 விழுக்காட்டுச் சுமையிலிருந்துதான் அளக்கிறார்கள். அதாவது 90 வாட். நம் கணினி கேட்பதோ 15 வாட்டுக்கும் குறைவு. அவ்வளவு சிறிய சுமையில் பெரிய பெட்டி கணிசமான பங்கை வீணாக்கிச் சூடாகும். அச்சூட்டைத் தணிக்க அதற்கும் ஒரு விசிறி. மாறாக, மடிக்கணினிக்கு உரியது போன்ற 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் ஒன்றைக் கொண்டு இயங்கும் பலகையைத் தேர்ந்தால் ஒரு விசிறி அப்படியே மிச்சம்.

விசிறியே இல்லாத பெட்டிகளும் விற்பனையாகின்றன. அவற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டு மதிப்புரைகள் 22 பாகை அறையில் எழுதப்படுபவை. அலுமினியத் தகடு வழியாக மட்டும் வெப்பத்தை வெளியேற்றும் பெட்டியின் உள்வெப்பம், அறை வெப்பத்தைவிட ஏறத்தாழ ஒரே அளவு கூடுதலாக நிற்கும். அங்கே 67 பாகை காட்டிய செயலி, நம் மே மாதத்து 35 பாகை அறையில் 80 பாகை காட்டும். கதவடைத்த தொலைக்காட்சி அலமாரிக்குள் வைத்தால் அதற்கும் மேலே போகும். செயலி எரிந்துவிடாது, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் அருகிலுள்ள எஸ்.எஸ்.டி.யின் ஆயுளுக்கு அது நல்லதன்று. நாங்கள் மெல்லச் சுழலும் ஒரு பெரிய விசிறியை வைத்துக்கொண்டது இதனால்தான். தூசு படியும் ஊர்களில் மூன்று மாதத்திற்கொருமுறை அதனைத் தூரிகையால் துடைக்கவேண்டும்.

இனி வரவு செலவு. சுவர்முனையில் செருகும் வாட் அளவியைக் கொண்டு பார்த்தபோது பழைய மேசைக் கணினி படம் ஓடுகையில் 70 வாட் எடுத்தது. புதியது 12 வாட். நாளுக்கு 8 மணி நேரம் இயங்குவதாகக் கொண்டால் பழையதற்கு மாதம் 16.8 யூனிட், புதியதற்கு 2.9 யூனிட். மாதம் ஏறத்தாழ 14 யூனிட் மிச்சம். வீட்டு மின்கட்டணம் அடுக்கு முறையில் அமைந்திருப்பதால் இந்த 14 யூனிட்டும் நம்முடைய மிக உயர்ந்த அடுக்கிலிருந்தே கழியும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்குச் சுமார் 1,340 ரூபாய். மின்சேமிப்பை மட்டும் நம்பி வாங்கினால் போட்ட பணம் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும் என்பதே நேர்மையான கணக்கு. விற்பனைச் சீட்டு வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

பூட்டி முடித்த கணினி உடனே ஒழுங்காக நடந்துவிடுவதில்லை. முதலில் தோன்றியது, படம் விட்டுவிட்டு ஓடியது. இந்நிலையில் பார்க்கவேண்டியது ஒன்றே: காணொளியை விரிப்பது தனிச் சுற்றமைப்பா, செயலியா? விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ‘வீடியோ டீகோட்’ என்ற வரைபடம் அசையாமல் கிடக்க, செயலி மட்டும் 90 விழுக்காட்டில் திணறினால், உலாவியில் வன்பொருள் முடுக்கம் அணைந்திருக்கிறது என்று பொருள். அதனை இயக்கியதும் சரியாயிற்று.

திருமண நாடாவில் மட்டும் வேறொரு துடிப்பு. நம் நாட்டு வி.எச்.எஸ். பதிவுகள் பால் முறையில் அமைந்தவை. வினாடிக்கு 25 படச்சட்டம், ஒவ்வொன்றும் இரு பாதிகளாக, ஆக 50 அரைப்படங்கள். கணினியோ தொலைக்காட்சிக்கு வினாடிக்கு 60 முறை படம் அனுப்புமாறு அமைந்திருக்கும். ஐம்பதை அறுபதில் சீராகப் பங்கிட இயலாது. நடந்து வருபவர் தத்தி வருவதுபோல் தெரியும். கோடி என்னும் இலவச மென்பொருளில், படத்திற்கேற்பத் திரையின் புதுப்பிப்பு வீதத்தை மாற்றும் அமைப்பு ஒன்று உண்டு. அதனை இயக்கி 50 ஹெர்ட்ஸுக்கு வந்ததும், மணமேடையை நோக்கி எங்கள் தந்தையார் இயல்பாக நடந்து வந்தார்.

மிகவும் அலைக்கழித்தது ரிமோட்தான். தொலைக்காட்சியின் ரிமோட்டாலேயே கணினியையும் இயக்கும் வசதி சாதாரணக் கணினிகளின் எச்.டி.எம்.ஐ. முனையில் பெரும்பாலும் இல்லை. ஆகவே யு.எஸ்.பி. டாங்கிளுடன் வரும் சிறு கம்பியில்லா ரிமோட் ஒன்றை அம்மாவிடம் கொடுத்தோம். பாடல் கேட்கும்போது அது ஒழுங்காக வேலை செய்யும். குடும்பக் காணொளியைத் தொடங்கினால் மட்டும் பொத்தான்கள் பத்துக்கு நான்கு முறையே கேட்கும். “அப்பா பேச ஆரம்பிச்சாத்தான் இது மக்கர் பண்றது” என்றார் அம்மா. மின்கலம் மாற்றியும், டாங்கிளை மாற்றியும் பயனில்லை. கடையினரோ ரிமோட்டையே மாற்றச் சொன்னார்கள்.

விடை அம்மாவின் சொல்லிலேயே இருந்தது. பாடல்கள் உள்ளே இருக்கும் எஸ்.எஸ்.டி.யில், காணொளிகள் யு.எஸ்.பி. 3 முனையில் செருகிய வெளி வன்தட்டில். யு.எஸ்.பி. 3.0 இணைப்பு இயங்கும்போது எழும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பரவும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் ஆய்வறிக்கையில் விளக்கியிருக்கிறது. கம்பியில்லா ரிமோட், சுட்டி, பழைய வைஃபை எல்லாம் பேசிக்கொள்வது அதே அலைவரிசையில்தான். வன்தட்டும் டாங்கிளும் பக்கத்துப் பக்கத்து முனைகளில் இருந்தன. ஒரு மீட்டர் நீள யு.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பியின் நுனியில் டாங்கிளைப் பொருத்தி, தொலைக்காட்சியின் முன்பக்கம் கொண்டுவந்து வைத்ததும் தொல்லை அகன்றது. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் உதவும்.

இன்னொன்று உயிருடன் தொடர்புடையது. அதனைக் கடந்துபோக முடியாது. பெட்டியின் உலோகப் பரப்பைத் தொட்டால் விரலில் மெல்லிய கூச்சம். டெஸ்டரை வைத்தால் ஒளிர்ந்தது. அதே மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே மின்பொறியாளர் வந்து, சுவர்முனையின் மேல்துளையைச் சோதனை விளக்கால் பார்த்தார், விளக்கு எரியவில்லை. மூன்று துளைகள் இருந்தனவே தவிர, எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இழுக்கப்படவில்லை. அடாப்டர்களுக்குள் மின்னிரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் உண்டு; எர்த் இல்லாதபோது அவை உலோகப் பெட்டியை 230 வோல்ட்டின் பாதியளவில், சுமார் 115 வோல்ட்டில், நிறுத்திவிடும். பாயும் மின்னோட்டம் மிகச் சிறிதாதலால் கூச்சத்தோடு போகும். ஆனால் அந்நிலையில் எச்.டி.எம்.ஐ. கம்பியைச் செருகினால் தொலைக்காட்சியின் முனை பழுதாகலாம். அடாப்டரே பழுதுபட்டால் காக்க ஏதுமில்லை. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த் கம்பி இழுத்தபின் கூச்சம் நின்றது. நியூட்ரலை எர்த் துளையோடு முடிச்சுப் போட்டுத் தரும் குறுக்கு வழியை யாரேனும் சொன்னால் இணங்கவே கூடாது. நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்தால் பெட்டி முழுவதும் முழு மின்னழுத்தம் ஏறிவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு, சந்தையில் மலிவாக ஆண்ட்ராய்டு பெட்டி கிடைக்கிறதே என்பார்கள். பெயரறியாத சில மலிவுப் பெட்டிகளில் தீநிரல் தொழிற்சாலையிலிருந்தே பதிந்து வந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2023-இல் வெளிப்படுத்தினர். அப்பெட்டி வீட்டு வைஃபையில் இணைவதால், நாம் வங்கிக் கணக்கைத் திறக்கும் கைப்பேசியும் அதுவும் ஒரே வலையில் இருக்கும். எங்கள் கூடத்துக் கணினியிலும் வங்கிப் பணிகளை நாங்கள் செய்வதில்லை. விருந்தினர் எல்லாரும் தொடும் கருவி அது. கடவுச்சொல் எதுவும் அதில் சேமிக்கப்படவில்லை.

அந்த நான்கு நிமிடக் குரலுக்கு இப்போது மூன்று பிரதிகள். ஒன்று கூடத்துக் கணினியின் வன்தட்டில். ஒன்று புனேயில் தங்கை வீட்டில். மூன்றாவது வங்கிப் பெட்டகத்தில், நகைகளுக்கு அருகே, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடிய உறையில். மின்சாரமின்றி நெடுங்காலம் கிடந்தால் எஸ்.எஸ்.டி. தன் பதிவை இழக்கக்கூடும் என்பதால் பெட்டகத்தில் இருப்பது சாதாரண வன்தட்டு. ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில், மழைக்கு முன்னால், அதனை எடுத்துவந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறோம்.