பதிவர்கள் நேரில் சந்தித்தால் என்ன நடக்கும்?

தமிழில் வலைப்பதிவுகள் 2003 வாக்கில் தலையெடுத்தன. 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ என்ற இணையதளம், சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டியது. யார் எழுதுகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. பலரும் புனைபெயருக்குள் இருந்தார்கள். பதிவர் சந்திப்புகள் பிறந்தது அதனால்தான்.

சென்னையில் அதற்கு மண்டபம்கூடத் தேவைப்படவில்லை. மெரினா காந்தி சிலைக்குப் பின்னால் வட்டமாக உட்கார்ந்தால் போதும். புதிதாக வரும் இளைஞர் தயங்கி நிற்பார். சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் பிடிபடாது. பதிவின் பெயரைச் சொன்னதும், “அட, நீங்கதானா அது!” என்று நாலு பேர் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். பின்னூட்டத்தில் மல்லுக்கட்டியவர்களும் அங்கே அடுத்தடுத்து உட்கார நேரும். முகம் பார்த்துப் பழகியவரை மறுநாள் வசைபாட எளிதில் மனம் வராது. இந்தச் சந்திப்புகளின் ஆகப்பெரிய பயன் இதுதான்.

அரட்டையோடு சந்திப்புகள் நின்றுவிடவில்லை. 2007 ஆகஸ்ட் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்தில் பதிவர்களே கூடி ஒரு பட்டறை நடத்தினார்கள். கணினியில் தமிழ் தட்டச்சு செய்வது, பதிவு தொடங்குவது என்று தெரிந்தவர் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தார். எழுத்துருச் சிக்கலில் பலர் திணறிய காலம் அது. 2009-ல் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் இலங்கைப் பதிவர்கள் கூடினார்கள். பிறகு சென்னை, மதுரை, புதுக்கோட்டை என்று பெரிய விழாக்களும் நடந்தன.

ஆனால், மேடை, பொன்னாடை, நீண்ட வரவேற்புரை எல்லாம் வந்தால் சந்திப்பின் உயிர் போய்விடும். முதல்முறை வந்தவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து யாரோடும் பேசாமல் திரும்புவார். தேநீர் இடைவேளையை நீட்டுங்கள், பேச்சைச் சுருக்குங்கள். சட்டையில் குத்தும் அட்டையில் பதிவின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். புனைபெயரில் எழுதுபவரின், குறிப்பாகப் பெண்களின், படத்தைக் கேட்காமல் வெளியிடாதீர்கள். பெயரை மறைத்து எழுதுவதற்கு வேலை, வீடு, ஊர் என்று அவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்.

இன்று எழுத்தோடு காணொளி, பாட்காஸ்ட் என்று இளைஞர்கள் பரவிவிட்டார்கள். ஆனால், பின்தொடர்வோர் எண்ணிக்கையாக மட்டுமே ஒருவரையொருவர் அறிந்திருப்பவர்கள் அதிகம். உங்கள் ஊரில் எழுதும் நாலு பேருக்கு இந்த வாரமே தகவல் அனுப்புங்கள். பூங்காவோ நூலக வாசலோ போதும், ஞாயிற்றுக்கிழமை மாலை கூடுங்கள்.