பயிற்சி முடிந்தது 2008இல், பணி கிடைத்தது 2018இல்: அழகர்கோவில் நிர்வாகத்தின் ஒரு நியமனம்

பணியிடத்தில் வெற்றி பெறத் தேவையான திறன்கள் எவை என்று கேட்டால் வேலைவாய்ப்பு முகாம்களில் ஆயத்தமான விடை உண்டு: உரையாடும் ஆற்றல், குழுவாகப் பணியாற்றுதல், நேர ஒழுங்கு, தன்னம்பிக்கை. 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இத்தகைய பயிற்சியைக் கல்லூரிகளுக்குள் கொண்டுவந்திருக்கிறது. இவை கற்க வேண்டியவைதாம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இவற்றைச் சொல்லித்தர வீட்டில் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. ஆயினும் வேலை கிடைக்காதவரிடம் ஏதோ திறன் குறைந்திருக்கிறது என்ற அனுமானமும் இந்த விடையோடு சேர்ந்தே வருகிறது. அது எந்த அளவுக்கு உண்மை?

மதுரை தல்லாகுளத்தில் உள்ள ஐயப்பன் கோவில், அழகர்கோவில் கள்ளழகர் கோவிலின் நிர்வாகத்துக்கு உட்பட்டது. அரசின் அர்ச்சகர் பள்ளியில் பயின்ற பிராமணரல்லாத ஒருவர் 2018இல் அங்கு அர்ச்சகராக நியமிக்கப்பட்டார். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகும் திட்டத்தின்கீழ் நிகழ்ந்த முதல் நியமனம் என்று அது பேசப்பட்டது. அவர் தலித் அல்லர் என்பதையும் இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும்.

திறன் பற்றிய விவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று அரிது. அர்ச்சகர் பணிக்கு வேண்டிய தேர்ச்சி வரையறுக்கப்பட்டது: மந்திரங்களைப் பிழையின்றி ஓதுதல், ஆகமப்படி பூசை செய்தல், விழாக்கால முறைகளை அறிதல். கற்றுக்கொள்ளவும் முடியும், தேர்வு வைத்து அளக்கவும் முடியும். 2006 மே மாதம் அரசாணை பிறப்பித்த தி.மு.க. அரசு மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை, திருவரங்கம், திருவல்லிக்கேணி ஆகிய ஆறு இடங்களில் பள்ளிகளைத் தொடங்கியது. 2008க்குள் 200க்கும் மேற்பட்டோர் தேறினர். அவர்களுள் தலித் மாணவர்களும் இருந்தனர். சான்றிதழும் வந்தது, வேலை மட்டும் வரவில்லை. மதுரையின் ஆதி சைவ சிவாச்சாரியார்கள் சங்கம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. 2015 டிசம்பர் 16 அன்று வந்த தீர்ப்பு, நியமனங்கள் ஆகமப்படி அமையலாம் என்றும், அது அரசியலமைப்புக்கு உட்பட்டே அமைய வேண்டும் என்றும் கூறி, ஒவ்வொரு கோவிலையும் தனித்தனியே ஆராயும்படி விட்டுவிட்டது. ஆகவே தேறியவர்களின் காத்திருப்பு முடியவில்லை. 2021 ஆகஸ்ட் 14 அன்றுதான் இப்பள்ளிகளில் பயின்ற 24 பேர், தலித்துகள் உட்பட, ஒருசேர ஆணை பெற்றனர். அதன் பிறகும் திருச்சி வயலூர் முருகன் கோவிலில் இருவரது நியமனத்தை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023 மார்ச்சில் ரத்து செய்தது.

இந்த ஆண்டுகளில் அவர்களிடம் இல்லாத திறன் எது? மந்திரமும் முறையும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தன. குறை என்று காட்டப்பட்டது பிறப்பு ஒன்றே.

அம்பேத்கர் இதை 1936இலேயே கண்டிருந்தார். ‘சாதி ஒழிப்பு’ நூலில், புரோகிதத் தொழில் பரம்பரையாக இருக்கக் கூடாது, அரசு நடத்தும் தேர்வில் தேறிச் சான்று பெற்ற எந்த இந்துவும் அதற்குத் தகுதி பெற வேண்டும், புரோகிதர் அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட ஊழியராக இருக்க வேண்டும் என்று அவர் முன்மொழிந்தார்.

‘கோவிலின் கதை வேறு, நிறுவனங்கள் தகுதியை மட்டுமே பார்க்கின்றன’ என்போர் உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் 2005 அக்டோபர் முதல் நாளிதழ் விளம்பரங்களில் வந்த தனியார் வேலைகளுக்கு, ஏறத்தாழ ஒரே தகுதியுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தனர். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. நேர்முகத் தேர்வுக்குச் செல்வதற்கு முன்பே, தன்னம்பிக்கையைக் காட்ட வாய்ப்பே வராத கட்டத்தில், இந்த இடைவெளி உருவாகிவிடுகிறது.

நேர்முகத்திலோ சாதியைப் பற்றி யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் மனிதவள மேலாளர்களிடம் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ எல்லோரும் விண்ணப்பதாரரின் ‘குடும்பப் பின்னணி’யை விசாரிப்பதாகக் கூறினர். அப்பா என்ன செய்கிறார், எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர் படித்தவர்கள்? நல்ல குடும்பத்தில் நல்ல பழக்கம் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. பரம்பரை அர்ச்சகர் முறைக்குச் சொல்லப்படும் நியாயத்துக்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

ஆகவே மென்திறன் வகுப்பில் இன்னொரு பாடமும் இடம்பெற வேண்டும்: தேர்வு விதிகளை வாசிக்கும் திறன். அறிவிக்கையில் உள்ள தகுதி என்ன, எழுத்துத் தேர்வுக்கு எத்தனை மதிப்பெண், நேர்முகத்துக்கு எத்தனை, நேர்முக மதிப்பெண் எந்த அளவுகோலில் தரப்படுகிறது என்று மாணவர் கேட்கப் பழக வேண்டும். அறநிலையத் துறை உள்ளிட்ட அரசு அமைப்புகளிடம் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இவற்றைக் கோரலாம். தனியார் நிறுவனங்களை அச்சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே இட ஒதுக்கீடும் இல்லை. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனத்திடம் தெரிவு அளவுகோலை எழுத்தில் தருமாறு கேட்க, கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவால் முடியும். அதைக் கேட்கும்படி பிரிவை வலியுறுத்துவதை மாணவர் அமைப்புகள் இந்த ஆண்டே தொடங்கலாம்.