உஷார்! மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

வீட்டில் யாராவது டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா? அப்படியானால் இதை இப்போதே படித்துவிடுங்கள்.

வெதுருகுப்பம் பக்கத்து மனிதர் ஒருவர். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்று டாக்டரிடம் போனார். மாத்திரையில் மனசு தேறியது. ஆனால் மனைவியை நெருங்கும் ஆசையே போய்விட்டது. மாத்திரையால் இப்படி ஆகலாம் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் வெட்கப்பட்டுக் கேட்கவில்லை. ‘என்மேல இருந்த பிரியம் போயிடுச்சு’ என்று அந்தப் பெண் தனியாக அழுதிருக்கிறாள். ஒருநாள் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிட்டார்.

அங்கேதான் ஆபத்து!

தலைச்சுற்றல், மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரி வெட்டு, காரணமில்லாத ஆத்திரம். பழைய சோர்வும் திரும்பிவிட்டது. ‘நான் எதுக்கு இருக்கணும்’ என்று அவர் முணுமுணுத்தது அண்ணி காதில் விழுந்ததால் பிழைத்தார்.

எஸ்ஸிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் சாப்பிடுகிறவர்களுக்குத் தாம்பத்தியத்தில் இப்படிச் சிக்கல் வருவது அபூர்வமே இல்லை. ஆசை குறையும். ஆண்களுக்கு விறைப்பு குறையும், விந்து வரத் தாமதமாகும். பெண்களுக்கும் வரும்! வறட்சி, உச்சம் எட்டாமை. அவர்கள் வாய் திறப்பதே இல்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை. மனச்சோர்வே ஆசையைக் கெடுக்கும் என்பதால் எது காரணம் என்பதை டாக்டர்தான் பிரித்துச் சொல்ல முடியும். சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகும் இந்தச் சிக்கல் நீடிக்கலாம் என்ற எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்க்கும்படி ஐரோப்பிய மருந்து முகமை 2019-ல் சொன்னது.

வழி இருக்கிறது. டோஸைக் குறைக்கலாம். புப்ரோபியான், மிர்ட்டசபின் என்று மாற்றிப் பார்க்கலாம். எல்லாம் படிப்படியாக, டாக்டர் சொல்லித்தான்.

லாட்ஜில் ரூம் போட்டு ‘ஆண்மைக் குறைவு’க்கு லேகியம் விற்பவரிடம் போகவே போகாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சில்டெனாஃபிலும் வேண்டாம். நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் சாப்பிடுபவர் அதைச் சேர்த்து விழுங்கினால் பிரஷர் சடாரென்று விழுந்து உயிரே போகலாம்!

மாத்திரை தொடங்கிய, டோஸ் மாற்றிய முதல் வாரங்களில் பக்கத்திலேயே இருங்கள். இருபத்தைந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளிடம் இன்னும் கவனம். படபடப்பு, தூங்காமல் நடப்பது, சாவைப் பற்றிய பேச்சு, இதில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ், காசில்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். திருப்பதி ருயா ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது.

டாக்டர் முன்னால் சொல்லக் கூச்சமா? துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.